கம்பியூட்டரிடம் இது எந்த வருஷம் என்று கேட்டுப் பாருங்கள், டீச்சர்

பொகவந்தலாவைப் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். கடிதம் நீளம், சாரம் இதுதான்:

"2011இல் வாங்கிய கம்பியூட்டர், வின்டோஸ் 7. வீட்டில் சிம் போடுகிற 4ஜி ரவுட்டர், கம்பியூட்டரில் யூ.எஸ்.பி. வைஃபை குச்சி. பேத்தி இந்த முறை சாதாரணதரம் எழுதுகிறாள், கடந்தகால வினாத்தாள்களை எடுத்து அச்சடிக்கத்தான் இந்த மெசினை இன்னும் வைத்திருக்கிறேன். சித்திரையில் ஒரு பின்னேரம் பெரிய இடி, மூன்று நாள் கரண்ட் இல்லை. அதற்குப் பிறகு இணையம் போய்விட்டது. கீழே வைஃபை குறி ஒழுங்காகத்தான் நிற்கிறது, ஆனால் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் சிவப்பு முக்கோணமும் ஆங்கிலத்தில் ஏதோ நீளமாகவும் வருகிறது. பேத்தியின் போனில் யூடியூப் ஓடுகிறது. டவுனில் காட்டியபோது இடியில் மதர்போர்ட் போய்விட்டது, புதிது வாங்குங்கள் என்றார்கள். நான் பென்ஷன்காரி. வைரசும் இருக்கும் போல, புதிதாக அடித்துச் சேமிக்கும் வினாத்தாள் எல்லாம் பட்டியலின் அடியில் போய் ஒளிந்துகொள்கிறது. காலையில் போடும்போது எஃப் 1 அழுத்தச் சொல்கிறது, அழுத்தினால் வேலை செய்கிறது, அதனால் அதை நான் கணக்கெடுக்கவில்லை."

டீச்சர், நீங்கள் கணக்கெடுக்காத அந்தக் கடைசி வரியில்தான் எல்லாம் இருக்கிறது. இந்தக் கடிதத்தை வாசித்து முடித்ததும் நான் சிரித்தே விட்டேன், கோபிக்க வேண்டாம். ஹட்டனில் பதினேழு வருஷமாக இந்தப் பெட்டிகளோடுதான் மாரடிக்கிறேன், "மதர்போர்ட் போய்விட்டது" என்று எழுதிக்கொடுத்த துண்டோடு என் மேசைக்கு வந்து, ஒரு சின்ன பேட்டரி மாற்றியதும் வீட்டுக்குத் திரும்பிப்போன மெசின்கள் எத்தனை என்று கணக்கே இல்லை.

முதலில் ஒன்று செய்யுங்கள். மொனிட்டரின் வலது பக்க மூலையில், கீழே, நேரம் காட்டுகிற இடத்தைப் பாருங்கள். நேரத்தை விடுங்கள், அதற்குக் கீழே இருக்கிற தேதியைப் பாருங்கள். 2010 என்றோ 2011 என்றோ, ஜனவரி 1 என்றோ இருந்தால் (இருக்கும் என்று முக்கால்வாசி நிச்சயமாகச் சொல்கிறேன்) உங்கள் இணையம் எங்கேயும் போகவில்லை, உங்கள் கம்பியூட்டர்தான் பதினைந்து வருஷம் பின்னால் போய் உட்கார்ந்திருக்கிறது. வினாத்தாள் அடியில் ஒளிந்துகொள்வதும் அதனால்தான். நேற்று அடித்த தாளுக்கு 2010ஆம் ஆண்டுத் தேதி விழுந்தால், தேதி வரிசைப்படி அடுக்குகிற பட்டியலில் அது அடியில்தானே போய் நிற்கும்? வைரஸ் அல்ல.

தேதிக்கும் இணையத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பஸ் சீசன் டிக்கெட்டை நினைத்துக்கொள்ளுங்கள். இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை என்று அதில் போட்டிருக்கும், கொண்டக்டர் அதைப் பார்த்துத்தான் ஏற்றுவார். இன்றைக்கு அநேகமாக எல்லா இணையத்தளமும் அப்படியொரு சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டுதான் உங்கள் பிரவுசரிடம் வருகிறது, அதிலும் "இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை" என்று இருக்கிறது. ஆயுளும் குறைவு, பல சான்றிதழ்கள் 90 நாள்தான். உங்கள் பிரவுசர் இப்போது 2010இல் நின்றுகொண்டு அதை வாங்கிப் பார்க்கிறது. இன்னும் பிறக்காத டிக்கெட்! ஏற்ற மாட்டேன் என்று சிவப்பு முக்கோணம் காட்டுகிறது. அது தன் கடமையைத்தான் செய்கிறது. குரோமாக இருந்தால் அந்த நீளமான ஆங்கிலத்திலேயே "உங்கள் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது" என்று எழுதியும் இருக்கும். வினாவை முழுதாக வாசித்துவிட்டு விடை எழுது என்று எத்தனை வருஷம் வகுப்பில் சொல்லியிருப்பீர்கள், டீச்சர்!

வைஃபை குறி மட்டும் ஏன் ஒழுங்காக நிற்கிறது என்றால், வின்டோஸ் 7 இணையம் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு மைக்ரோசொஃப்டின் ஓர் இடத்தில் இருக்கிற சின்ன எழுத்துக் கோப்பு ஒன்றை எடுத்துப் பார்க்கும். அந்தக் கோப்பு சான்றிதழ் இல்லாத பழைய வழியில் வருவது, தேதி பிழையாக இருந்தாலும் வந்துவிடும். அதனால் இணையம் இருக்கிறது என்று வின்டோசும், பக்கத்தைத் திறக்க முடியாது என்று பிரவுசரும் ஒரே நேரத்தில் சொல்கின்றன. இரண்டும் உண்மைதான்.

இனித் தேதியைச் சரிசெய்வோம். அந்த நேரத்தின் மேல் அழுத்தினால் நாட்காட்டி விரியும், கீழே தேதியையும் நேரத்தையும் மாற்றுகிற வரி இருக்கும். கையால் இன்றைய தேதியைப் போடுங்கள். நேர வலயப் பட்டியலில் நம்முடையது "ஸ்ரீ ஜயவர்தனபுர" என்று 5.30 கூட்டிய வரியில் இருக்கும். (நம் நாட்டு நேரத்தை 1996இல் முன்னே தள்ளி, 2006 ஏப்ரலில்தான் பழையபடி ஐந்தரைக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன் வந்த வின்டோஸ் எக்ஸ்பி மெசின்களில் ஸ்ரீ ஜயவர்தனபுர ஆறு மணித்தியாலம் கூட்டிய வரியில் இருக்கும், அதனால் அரை மணித்தியாலம் தள்ளியே ஓடுகிற கம்பியூட்டர் ஒன்று இரண்டு எனக்கு இன்னும் வருகிறது. அரை மணித்தியாலப் பிழையால் பக்கம் திறக்காமல் போகாது, அதை விடுங்கள்.)

இணையத்தோடு இணைந்தால் நேரம் தானாகச் சரியாகிவிடும் என்று என் கடைக்கு வருகிற பொடியன்கள் சொல்வார்கள். போனில் அப்படித்தான். பழைய வின்டோசில் சின்னப் பிழையைத்தான் அது தானாகத் திருத்தும், 15 மணித்தியாலத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சந்தேகப்பட்டுக் கையை எடுத்துவிடும். பதினைந்து வருஷத்துக்கு எங்கே? ஆகவே முதலில் கையால் தேதி, அப்புறம் வேண்டுமானால் இணைய நேரத்தோடு ஒத்துப்பார்க்கச் சொல்லுங்கள்.

தேதியை மாற்றி, பிரவுசரை மூடித் திறந்தால் பக்கங்கள் வரும். பேத்தியைக் கல்வி அமைச்சின் இணையப் பாடத்தளமான இ-தக்சலாவைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

ஆனால் நாளைக் காலை மறுபடி 2010 வந்துவிடும். காரணம் மதர்போர்டில், அதாவது பெட்டிக்குள் எல்லாவற்றையும் இணைக்கிற பெரிய பலகையில், இருக்கிற வட்டப் பேட்டரி. காசு அளவுதான் இருக்கும், மேலே சி.ஆர். 2032 என்று வெட்டியிருக்கும், 3 வொல்ட். கரண்ட் இல்லாத நேரத்தில் கம்பியூட்டர் தேதியை மறக்காமல் வைத்திருப்பது அதன் தயவில்தான். மெசினைத் தூங்கவைத்தாலும், சுவர் பிளக்கில் கரண்ட் இருக்கும் வரை உள்ளே ஒரு சொட்டு மின்சாரம் போய்க்கொண்டிருக்கும், பேட்டரிக்கு வேலையே இல்லை. நாம் மலையில் என்ன செய்கிறோம்? வானம் கறுத்ததும் ஓடிப்போய்ப் பிளக்கைக் கழற்றுகிறோம், இரவில் படுக்கப் போகும்போதும் கழற்றுகிறோம். அது பிழையில்லை, நான்கூட என் வீட்டில் அப்படித்தான். மாசி பங்குனி தாண்டினால் சித்திரை வரைக்கும், பிறகு ஐப்பசி கார்த்திகையிலும் பின்னேர இடி எப்படி விழும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? கழற்றத்தான் வேண்டும். கழற்றிய நேரமெல்லாம் அந்தச் சின்னப் பேட்டரிதான் சுமக்கிறது என்பது அதற்குக் கொடுக்கிற கூலி. உங்கள் மெசினில் அது ஏற்கெனவே இழுத்துக்கொண்டு கிடந்திருக்கும், மூன்று நாள் கரண்ட் இல்லாமல் போனதில் அடங்கிவிட்டது. இடி மேல் பழி போட்டது அதனால்தான். இடி விழுந்த அன்று நடந்ததெல்லாம் இடியால் நடந்ததாகிவிடாதே.

எஃப் 1 அழுத்தச் சொல்வதும் அதே கதை. "எனக்கு வைத்திருந்த விவரம் எல்லாம் அழிந்துவிட்டது, இருந்தாலும் தொடரவா" என்று மெசின் தினமும் காலையில் உங்களிடம் கேட்கிறது, நீங்களும் தினமும் சரி என்று அனுப்பிவிடுகிறீர்கள்.

பேட்டரி கடிகாரக் கடையிலேயே கிடைக்கும், ஒரு கொத்து ரொட்டிக் காசுகூட வராது. தெருவோரத்தில் அட்டையில் கோத்துத் தொங்குகிற மலிவு பேட்டரியை மட்டும் வேண்டாம், ஆறு மாதத்தில் திரும்ப இதே கடிதம் எழுதுவீர்கள். மாற்றுவதற்கு ஆள் வேண்டாம், பேத்தி போதும். கம்பியூட்டரை நிறுத்தி, பிளக்கை முழுதாகக் கழற்றி, தொடக்கும் பொத்தானை ஐந்தாறு விநாடி அழுத்திப் பிடித்து மிச்சக் கரண்டை வடிய விடுங்கள். பெட்டியைப் பக்கவாட்டில் படுக்கப்போட்டு, பின்பக்கத்தில் மூடியைப் பிடித்திருக்கிற இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றி மூடியைப் பின்னே இழுத்தால் வந்துவிடும். உள்ளே கைவைக்கும் முன் பெட்டியின் வெறும் இரும்பை ஒரு தடவை தொடச் சொல்லுங்கள். பேட்டரி பளபளவென்று தெரியும், தேட வேண்டியதில்லை. அதன் ஓரத்தில் ஒரு சின்ன உலோக நாக்கு இருக்கும், நகத்தால் அதை வெளிப்பக்கம் தள்ளினால் பேட்டரி தானாக எழும்பும். கத்தி, ஸ்க்ரூ டிரைவர் போட்டு நெம்ப வேண்டாம், அந்த இருக்கை உடைந்தால்தான் உண்மையிலேயே போர்ட் வேலை வரும். புதியதைக் கூட்டல் குறி மேலே தெரியும்படி வைத்து அழுத்தினால் 'டக்' என்று உட்காரும். கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்துவைத்தால் எது மேல்பக்கம் என்ற சண்டை வராது.

மூடியைத் திறந்த கையோடு உள்ளேயும் பாருங்கள். நம் ஊரில் பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்து குந்தியிருக்கும். சென்ற மாதம் மஸ்கெலியாப் பக்கத்திலிருந்து ஒருவர் அரிசிச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வந்த பெட்டியைத் திறந்தேன், மின்விசிறியின் இறகுகளுக்கிடையே தூசி கம்பளி மாதிரிப் படிந்து, அதன் நடுவில் ஒரு பல்லி காய்ந்துபோய்க் கிடந்தது, பின்னால் இணைய வயர் செருகுகிற லேன் துளையின் எட்டுக் கம்பியும் பச்சை பூத்திருந்தன. அவருக்கும் "இணையம் இல்லை" என்பதுதான் முறைப்பாடு. உங்களுடையதில் அப்படி இருந்தால் காய்ந்த பெயின்ட் தூரிகையால் மெதுவாகத் தட்டுங்கள், வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் போகும்.

மூடிவிட்டுப் போடும்போது டிலீட் அல்லது எஃப் 2 விசையைத் தட்டிக்கொண்டே இருந்தால் நீலமோ சாம்பலோ ஒரு பழங்காலத் திரை வரும். அங்கே தேதியையும் நேரத்தையும் போட்டு எஃப் 10 அழுத்திச் சேமியுங்கள். அங்கே வேறு எதையும் தொட வேண்டாம். பேட்டரி மாற்றியபின் சில மெசின் நீலத் திரை காட்டி மக்கர் பண்ணும், வன்தட்டு இணைகிற முறை அந்தப் பழங்காலத் திரையில் மாறிவிடுவதால் வருவது அது. உங்களுக்கு அந்தப் பயம் வேண்டாம், இத்தனை நாளாகத் தினமும் எல்லாம் அழிந்த நிலையிலேயே வின்டோஸ் ஏறியிருக்கிறது அல்லவா, இனியும் ஏறும்.

சரி, தேதி சரியாக இருந்தும் பக்கம் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். அல்லது நான் சொன்ன முக்கால்வாசியில் இல்லாமல் நீங்கள் மிச்சக் கால்வாசியில் விழுந்துவிட்டீர்கள். அப்போது எந்த இடத்தில் அறுந்திருக்கிறது என்று பிடிக்க வேண்டும், குருட்டாம்போக்கில் ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுவதில் பிரயோசனம் இல்லை.

முதல் வேலை, பேத்தியின் போன். அதே வைஃபையில் யூடியூப் ஓடுகிறது என்கிறீர்கள், ஆனால் அது வைஃபையில்தான் ஓடுகிறது என்று எப்படித் தெரியும்? ரவுட்டரின் டேட்டா முடிந்து போனால் போன் ஒரு வார்த்தை சொல்லாமல் தன்னுடைய சிம் டேட்டாவுக்குத் தாவிவிடும். போனில் மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டு, வைஃபையை மட்டும் வைத்துக்கொண்டு, முன்பு பார்க்காத ஒரு வீடியோவைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ஓடாவிட்டால் கம்பியூட்டரைத் தொடவே வேண்டாம், ரவுட்டரில் இருக்கிற சிம்முக்கு ரீலோட் போடுங்கள், அல்லது ரவுட்டரை வீட்டின் எந்த ஜன்னல் எதிர்மலையின் டவரைப் பார்க்கிறதோ அந்த ஜன்னலில் வைத்துப் பாருங்கள். பள்ளத்தில் இருக்கிற வீடுகளுக்கு ஒரு ஜன்னல் மாற்றம் பெரிய மாற்றம்.

போனில் ஓடுகிறது, கம்பியூட்டரில் இல்லை என்றால், தொடக்கப் பட்டியலின் தேடும் கட்டத்தில் சி, எம், டி என்று மூன்று எழுத்து அடித்து என்டர் தட்டுங்கள். கறுப்புத் திரை வரும், பயப்பட வேண்டாம். அதில் பி, ஐ, என், ஜி என்று ஆங்கில எழுத்து நான்கு, ஓர் இடைவெளி, அப்புறம் 8.8.8.8, என்டர். அது கூகுளின் ஒரு முகவரி. "பதில் வந்தது" என்ற பொருளில் நான்கு வரி வந்தால் இங்கிருந்து வெளி உலகம் வரை பாதை திறந்துதான் இருக்கிறது, குறை பிரவுசரிலோ பெயரை முகவரியாக மாற்றித் தருகிற டிஎன்எஸ்ஸிலோதான். எது என்று பார்க்க, எண்ணுக்குப் பதிலாக கூகுளின் பெயரை (google.com) போட்டு அதே கட்டளையை அடியுங்கள். எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வராவிட்டால் டிஎன்எஸ், வைஃபை இணைப்பின் அமைப்பில் டிஎன்எஸ் முகவரி கேட்கிற கட்டத்தில் 8.8.8.8 என்று கையால் போட்டால் தீர்ந்தது.

எண்ணுக்கே பதில் இல்லையென்றால் அதே கறுப்புத் திரையில் ஐ, பி, சி, ஓ, என், எஃப், ஐ, ஜி என்று இடைவெளியில்லாமல் அடித்து, உங்கள் மெசினுக்கு என்ன முகவரி கிடைத்திருக்கிறது என்று பாருங்கள். 192.168 என்று தொடங்கினால் ரவுட்டர் கொடுத்தது. 169.254 என்று தொடங்கினால் யாரும் கொடுக்கவில்லை, கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் மெசின் தனக்குத்தானே வைத்துக்கொண்ட முகவரி. ரவுட்டரை நிறுத்தி ஒரு நிமிஷம் பொறுத்துப் போடுங்கள், வைஃபை குச்சியையும் கழற்றி வேறு துளையில் செருகுங்கள், பின்பக்கத் துளை நல்லது.

இடைப்பட்ட காலத்தில் ரவுட்டரை மாற்றியிருந்தால் மட்டும் இன்னொன்று சொல்ல வேண்டும். புதிய ரவுட்டர் சில இரண்டு பெயரில் வைஃபை விடும், 5 கிகாஹேர்ட்ஸ் என்பது உங்கள் பழைய குச்சியின் கண்ணுக்கே தெரியாது, 2.4 பெயரில்தான் சேர வேண்டும். கடவுச்சொல் சரியாக இருந்தும் சேரவில்லை என்றால் ரவுட்டரின் பாதுகாப்பு முறை டபிள்யூ.பி.ஏ. 3 ஆக இருக்கும், அதை 2க்கு இறக்கினால் சேரும்.

இடியில் உண்மையாகவே அடிபட்ட மெசின் எப்படியிருக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன், அடுத்த முறை யாராவது பயங்காட்டினால் உதவும். இடி பெரும்பாலும் கம்பி வழியாகத்தான் வரும், டெலிபோன் கம்பி, கரண்ட் கம்பி. பழைய ஏ.டி.எஸ்.எல். இணைப்புகளில் டெலிபோன் கம்பி வழியாக ரவுட்டருக்குள் புகுந்து, அங்கிருந்து லேன் வயரைப் பிடித்துக்கொண்டு கம்பியூட்டரின் லேன் துளையைச் சுட்டுவிட்டுப் போகும். வயரைச் செருகினால் துளைக்குப் பக்கத்தில் எரிய வேண்டிய பச்சை, செம்மஞ்சள் விளக்கு எரியாது, மிச்ச மெசின் ஒன்றும் நடக்காதது போல ஓடும். அப்போதும் புது மதர்போர்ட் வேண்டியதில்லை, யூ.எஸ்.பி. துளையில் செருகுகிற லேன் அடப்டர் ஒன்று போதும். உங்களுடையது சிம் ரவுட்டர், வைஃபை குச்சி, நடுவில் டெலிபோன் கம்பியோ லேன் வயரோ இல்லை. மிச்சம் கரண்ட் கம்பிதான், அதன் வழியாகப் பலமாக அடித்திருந்தால் மெசின் தொடங்குவதே சந்தேகம். உங்கள் போர்டை இடி எந்த வழியாக வந்து தொட்டது என்று டவுனில் அப்படிச் சொன்னவரிடம் கேட்க எனக்கும் ஆசைதான்.

அந்தச் சிவப்பு முக்கோணத்தில் "பரவாயில்லை, தொடர்ந்து போ" என்று ஒரு வழி மறைந்திருக்கும், அவசரத்துக்குப் பொடியன்கள் அதை அழுத்திப் பழகியிருப்பார்கள். பேத்திக்கு அந்தப் பழக்கம் வேண்டாம். கடிகாரம் சரியாக இருக்கும்போது அந்த முக்கோணம் வந்தால் அது உண்மையான எச்சரிக்கை.

பேட்டரி மாற்றிவிட்டால் மெசின் இன்னும் ஓடும், ஆனால் எவ்வளவு காலத்துக்கு என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். வின்டோஸ் 7க்கு மைக்ரோசொஃப்ட் 2020 ஜனவரி 14உடன் கைவிரித்துவிட்டது. குரோம் அதற்கு 109ஆம் பதிப்போடு நின்றுவிட்டது, ஃபயர்ஃபொக்சில் 115 வரிசைதான் அதில் ஓடக்கூடிய கடைசி. வினாத்தாள் எடுக்கலாம், அச்சடிக்கலாம், பென்ஷன் கணக்கு பார்க்கிற பேங்க் வேலையை மட்டும் அதில் செய்யாதீர்கள், அதைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். வின்டோஸ் 10 போட்டுத் தருகிறேன் என்று யாராவது வந்தால் அதன் காலமும் 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது, 11க்கு 2011ஆம் ஆண்டு மெசின் தகுதியில்லை. 4 ஜி.பி. ரெம் (நினைவகம்) இருந்தால் வின்டோசுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் இலவசமாகப் போடலாம், நான் அப்படிப் போட்டுக் கொடுத்த மெசின்கள் தோட்டப் பக்கம் நன்றாகத்தான் ஓடுகின்றன.

அதற்கு முன் உங்கள் வினாத்தாள்களை ஒரு பென் டிரைவில் கொப்பி எடுங்கள். இவ்வளவு வருஷமும் பாமினி என்கிற பழைய தமிழ் ஃபொன்டில்தான் அடித்திருப்பீர்கள், எனக்குத் தெரிந்த டீச்சர்மார் எல்லாரும் அப்படித்தான். பாமினி ஃபொன்ட் கோப்பையும் சேர்த்து அதே பென் டிரைவில் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் புது மெசினில் உங்கள் தாள் முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும், அதையும் வைரஸ் என்று யாராவது சொல்லிவிடுவார்கள்.

மெசினைத் தூக்கிக்கொண்டு நோர்வூட், டிக்கோயா வழியாக பஸ்ஸில் குலுங்கிக் குலுங்கி இங்கே வர வேண்டாம், அந்த ரோட்டில் வந்தால் நன்றாக இருக்கிற வன்தட்டும் போய்விடும். தேதியைப் பாருங்கள், பேட்டரியை மாற்றுங்கள். கழற்றிய பழைய பேட்டரியை ஒரு துண்டு டேப்பால் இரண்டு பக்கமும் ஒட்டி எடுத்து வைத்துவிடுங்கள், வீட்டுக்குச் சின்னப் பிள்ளைகள் வந்துபோகிறார்கள் என்றால் கட்டாயம். செத்த பேட்டரிதானே என்று மேசையில் போட்டுவைத்து, பிள்ளை எடுத்து விழுங்கிவிட்டால் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே தொண்டையைப் புண்ணாக்கிவிடும், அப்படி நடந்தால் எதையும் யோசிக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.